தனியே போனால் 28, துணையோடு போனால் 41

என்னுடைய ஸ்ப்ளெண்டரின் செயின் கவரில், டயருக்கு எவ்வளவு காற்று வேண்டும் என்று சொல்லும் ஒரு சின்ன ஸ்டிக்கர் இருக்கிறது. முன் சக்கரத்துக்கு 25 பிஎஸ்ஐ. பின் சக்கரத்துக்கு இரண்டு எண்கள்: ஓட்டுபவர் மட்டும் என்றால் 28, பின்னால் ஒருவர் உட்கார்ந்தால் 41. நடுவில் 13 பிஎஸ்ஐ வித்தியாசம். ஆரணியில் ஓடும் பைக்குகளில் இந்த இரண்டாவது எண்ணைப் பார்த்தவை மிகக் குறைவு என்று என்னால் சொல்ல முடியும். தனியே போனாலும், மனைவியை ஏற்றினாலும், கேரியரில் அரிசி சிப்பம் கட்டினாலும், பின்னாடி முப்பது, முன்னாடி இருபத்தஞ்சு. அதோடு முடிந்தது.

இது சின்ன விஷயமில்லை. வண்டியில் நாம் செலவழிக்காமல் செய்யக்கூடிய பாதுகாப்பு வேலைகளில் முதலாவது இதுதான். அதனால் கொஞ்சம் விரிவாகவே எழுதுகிறேன். ஏன் இரண்டு எண், எப்போது எது, ஒரே நாளில் இரண்டு விதமாகவும் ஓட்டுகிறவர் என்ன செய்வது, நம் ஊர் வெயிலில் எப்போது அளப்பது என்று ஒவ்வொன்றாகப் பார்ப்போம்.

டயரும் ஒரு நெசவுதான்

ஆரணிக்காரர்களிடம் டயரைப் பற்றிப் பேச எனக்கு ஒரு வசதி உண்டு. பட்டு நெய்கிற ஊர் என்பதால், பாவு, ஊடை என்றால் யாருக்கும் விளக்க வேண்டியதில்லை.

டயர் என்றால் ரப்பர் என்று நினைக்கிறோம். சுமையைத் தாங்குவது ரப்பர் இல்லை. ரப்பருக்கு உள்ளே துணி இருக்கிறது. நைலான் இழையை முறுக்கேற்றி, தறியில் பாவாகப் போட்டு நெய்த துணி. ஆனால் நம் சேலையைப் போல ஊடை நெருக்கமாக ஓடாது. பாவு இழைகள் அடர்த்தியாக, பக்கம் பக்கமாக நிற்கும். ஊடை மெல்லியதாக, தள்ளித் தள்ளி ஓடும். பாவு கலையாமல் இருந்தால் போதும், அவ்வளவுதான் ஊடைக்கு வேலை. அந்தத் துணியை ரப்பரோடு ஒட்டும்படி ஒரு கரைசலில் தோய்த்து, இரண்டு பக்கமும் ரப்பர் பூசி, சாய்வாக வெட்டி, ஒரு அடுக்கு இந்தப் பக்கம் சாய, அடுத்த அடுக்கு அந்தப் பக்கம் சாய என்று மாற்றி அடுக்குவார்கள். நம்மூர் சாதாரண பைக்குகளில் இருக்கும் டயர் பெரும்பாலும் இப்படிச் செய்ததுதான். டயருக்கான இந்த நைலான் துணியை நெய்வதில் பேர் பெற்ற எஸ்ஆர்எஃப் கம்பெனியின் ஆலை சென்னை மணலியில் இருக்கிறது. துணி டயராகிற இடமும் தூரத்தில் இல்லை. எம்ஆர்எஃப் ஆலை அரக்கோணத்தில், டிவிஎஸ் ஸ்ரீசக்ரா ஆலை மதுரைக்குப் பக்கத்தில் வெள்ளரிப்பட்டியில்.

ஊடை குறைந்த இந்த நெசவு வந்ததற்கு ஒரு காரணம் உண்டு. 1888இல் பெல்ஃபாஸ்டில் இருந்த கால்நடை மருத்துவர் ஜான் பாய்ட் டன்லப், தன் மகனின் மூன்று சக்கர சைக்கிளுக்காகக் காற்றடைத்த டயரைச் செய்தார். அந்தக் காலத்து டயர்களில் சாதாரண கேன்வாஸ் துணிதான் இருந்தது. பாவும் ஊடையும் சம நெருக்கத்தில் ஒன்றன் மேல் ஒன்று ஏறி இறங்கும் துணி. சக்கரம் உருண்டு டயர் மடங்கி நிமிரும் ஒவ்வொரு முறையும், இழைகள் குறுக்கே சந்திக்கிற இடத்தில் ஒன்றையொன்று அறுத்துக்கொண்டன. சூடு ஏறி, துணி நைந்து, டயர் கிழிந்தது. 1890களில் ஜான் பால்மர் என்ற அமெரிக்கர், ஊடையைக் கிட்டத்தட்ட எடுத்துவிட்டு, பாவு இழைகளை மட்டும் ரப்பருக்குள் பதித்து அடுக்கும் முறையைக் கொண்டுவந்தார். இழைக்கும் இழைக்கும் நடுவில் ரப்பர் வந்ததும் அறுப்பு நின்றது. இன்றைக்கும் அந்த வழிதான்.

பட்டுக்கும் டயருக்கும் நேரடி உறவே இருந்திருக்கிறது. ஐரோப்பாவில் சைக்கிள் பந்தய வீரர்கள் ஒரு காலத்தில் மிகவும் விரும்பியது பட்டு இழையால் உடல் செய்த டயர்களை. க்ளமென்ட் கம்பெனியின் பட்டு டயர்கள் அதில் பேர் போனவை. மெல்லிய இழை, ஆனால் வலு அதிகம். கூடுதல் காற்றைத் தாங்கும், மடங்கும்போது சூடாக வீணாகிற சக்தியும் குறைவு. பட்டை நம்பித்தான் அவர்கள் மலைச்சாலைகளில் இறங்கினார்கள்.

இப்போது காற்றுக்கு வருவோம். காற்று இல்லாத டயரைக் கையில் தூக்கிப் பாருங்கள். தொளதொளவென்று தொங்கும். உள்ளே இருக்கும் இழைகளை இழுத்துப் பிடித்து, அந்தத் துணியைச் சக்கரமாக நிறுத்துவது காற்றின் அழுத்தம். தறியில் பாவு தொய்ந்தால் நாடா எப்படி ஓடும்? டயரில் இழை தொய்ந்தாலும் அப்படித்தான். சுமை அதிகமானால் இழுவையும் அதிகமாக வேண்டும். ஸ்டிக்கரில் இரண்டு எண் இருப்பதன் காரணம் முழுவதும் இந்த ஒரு வரியில் அடங்கிவிடும்.

பின்னால் உட்காருகிறவரின் எடை எங்கே போகிறது?

ஒருவர் பின்னால் ஏறினால் அந்த எடையை இரண்டு சக்கரமும் சமமாகப் பங்கு போட்டுக்கொள்ளும் என்று பலர் நினைக்கிறார்கள். அப்படி இல்லை. பைக்கில் பின் இருக்கை ஏறக்குறைய பின் சக்கரத்து அச்சுக்கு மேலேயே இருக்கிறது. அங்கே உட்காருகிறவரின் எடையில் பெரும்பகுதி நேராகப் பின் டயரில் இறங்கும். முன் டயருக்கு அவர் ஏறியதே சரியாகத் தெரியாது. பல கம்பெனிகள் முன் சக்கரத்துக்கு ஒரே எண்ணைப் போட்டு, பின் சக்கரத்துக்கு மட்டும் இரண்டு எண் கொடுப்பது இதனால்தான்.

ஒரு உத்தேசக் கணக்குப் போடலாம். ஸ்ப்ளெண்டரின் எடை சுமார் 112 கிலோ. அதில் பாதிக்குக் கொஞ்சம் மேலே, 60 கிலோ பின் டயரில் என்று வைத்துக்கொள்வோம். ஓட்டுபவர் 65 கிலோ. அதில் 40 பின்னால். மொத்தம் 100 கிலோ. பின்னால் இன்னொருவர் ஏறினால் 60 கிலோ கூடி, 160 கிலோ.

டயர் தரையைத் தொடுகிற இடம் எவ்வளவு பெரியது என்பது, சுமையை அழுத்தத்தால் வகுத்தால் சுமாராகத் தெரியும். 28 பிஎஸ்ஐ என்பது ஒரு சதுர சென்டிமீட்டருக்கு 2 கிலோ. தனியே ஓட்டும்போது 100ஐ 2ஆல் வகுத்தால் 50 சதுர சென்டிமீட்டர். அதே காற்றில் இருவர் ஏறினால் 160ஐ 2ஆல் வகுக்க, 80. டயர் அந்த அளவுக்கு நசுங்குகிறது. காற்றை 2.8 கிலோவுக்கு, அதாவது 40 பிஎஸ்ஐக்குப் பக்கத்தில் ஏற்றினால் 160ஐ 2.8ஆல் வகுக்க, 57. தனியே ஓட்டும்போது இருந்த 50க்கு அருகில் வந்துவிட்டது.

டயரின் பக்கச்சுவரும் தன் பங்குக்குக் கொஞ்சம் தாங்கும் என்பதால் இது துல்லியக் கணக்கு இல்லை. ஆனால் 41 என்ற எண் எங்கிருந்து வந்தது என்பது புரிந்துவிடும். ஒருவர் ஏறினாலும் இருவர் ஏறினாலும் டயர் ஒரே மாதிரி நசுங்க வேண்டும், ஒரே வடிவில் நிற்க வேண்டும். அதற்கான எண் அது. "நாற்பத்தொண்ணா? டயர் வெடிச்சிடும்ணா" என்று பயப்படுகிறவர்கள் உண்டு. இருவரை ஏற்றிய டயர் பாழாவது பெரும்பாலும் காற்று கூடியதால் இல்லை, குறைந்ததால்.

வண்டிக்கு வண்டி ஏன் மாறுகிறது?

நம்மூரில் அதிகம் ஓடும் சில வண்டிகளுக்குக் கம்பெனி சொல்லும் அளவுகள் இவை. மாடலும் வருடமும் மாறினால் எண்ணும் மாறலாம். உங்கள் வண்டியில் ஒட்டியிருக்கும் ஸ்டிக்கரோ, வண்டியோடு தந்த புத்தகமோதான் கடைசித் தீர்ப்பு.

- ஹீரோ ஸ்ப்ளெண்டர்: முன் 25, பின் தனியே 28, இருவர் 41
- ஹோண்டா ஆக்டிவா 110: முன் 22, பின் தனியே 29, இருவர் 36
- பஜாஜ் பல்சர் 150: முன் 25, பின் தனியே 28, இருவர் 32
- ராயல் என்ஃபீல்டு கிளாசிக் 350 (2021க்குப் பிறகு வந்தது): முன் 32, பின் தனியே 32, இருவர் 36

பல்சருக்கு இருவரோடு 32 போதும்; அதைவிட எடை குறைந்த ஸ்ப்ளெண்டருக்கு 41 வேண்டும். முதலில் பார்க்கும்போது தலைகீழாகத் தெரியும். காரணம் டயரின் அகலம். ஸ்ப்ளெண்டரின் பின் டயர் 80 மில்லிமீட்டர் அகலம். பல்சருக்கு 100. கிளாசிக்குக்கு 120. அகலமான டயருக்குள் காற்று அதிகம் இருக்கும், அதனால் குறைந்த அழுத்தத்திலேயே சுமையைத் தாங்கும். ஒல்லியான டயர் அதே சுமையைத் தாங்க வேண்டுமானால் அழுத்தத்தைக் கூட்டியே ஆக வேண்டும். பக்கத்து வீட்டுப் பல்சருக்கு வைத்த அளவை நம் ஸ்ப்ளெண்டருக்கு வைத்தால், பின்னால் உட்கார்ந்திருப்பவருக்கு வேண்டிய காற்றில் 9 பிஎஸ்ஐ குறைகிறது.

டயரின் பக்கவாட்டில் அச்சடித்திருக்கும் எழுத்துகளையும் படித்துப் பழகுங்கள். என் வண்டியில் முன்னும் பின்னும் 80/100-18 தான், ஒரே அளவு. ஆனால் முன் டயரில் 47பி, பின் டயரில் 54பி என்று இருக்கிறது. 47 என்றால் அந்த டயர் தாங்கும் அதிகபட்சச் சுமை 175 கிலோ. 54 என்றால் 212 கிலோ. பி என்பது மணிக்கு 150 கிலோமீட்டர் வேகம் வரை என்ற குறி. டயர் மாற்றும்போது "சைஸ் ஒண்ணுதாண்ணா" என்று முன் டயரை எடுத்துப் பின்னால் மாட்ட யாராவது வந்தால், இந்த எண்ணைக் காட்டித் தடுத்துவிடுங்கள். இன்னொன்று: 212 கிலோ என்பது டயரில் அதற்குரிய முழுக் காற்று இருக்கும்போது தாங்கும் சுமை. 25 பிஎஸ்ஐயில் அந்த டயர் 212 கிலோ தாங்கும் என்று யாரும் சொல்லவில்லை.

குறைந்தால் என்ன, கூடினால் என்ன?

குறைந்த காற்றில் இருவராகப் போனால் முதலில் வருவது சூடு. சக்கரம் ஒவ்வொரு சுற்று சுற்றும்போதும் டயரின் பக்கச்சுவர் மடங்கி நிமிர்கிறது. மடங்கும் அளவு கூடினால் சூடும் கூடும். சித்திரை, வைகாசியில் தார்ச்சாலையே கொதிக்கிற நேரம். செய்யாறு வழியாகக் காஞ்சிபுரம் ஏறக்குறைய 60 கிலோமீட்டர். முகூர்த்த நாளுக்கு நேரமாகிவிட்டது என்று இருவர் ஏறி, நிற்காமல் ஓட்டினால், அந்தச் சூடு ஆறவே வழி இல்லை. இழைக்கும் ரப்பருக்கும் நடுவில் இருக்கும் பிடிப்பு கொஞ்சம் கொஞ்சமாக விடத் தொடங்கும். வெளியே ஒன்றும் தெரியாது. ஒரு நாள் டயரின் பக்கத்தில் கட்டி போல ஒரு வீக்கம் தெரியும். அந்த டயரை அன்றைக்கே கழற்றிவிட வேண்டும்.

இரண்டாவது, வண்டி அசைவது. வளைவில் திரும்பும்போது பின்பக்கம் நீந்துவது போல இருக்கும். பின்னால் இருப்பவர் கொஞ்சம் நகர்ந்தாலும் ஹேண்டில் வரை தெரியும். ஜவ்வாது மலையில் ஜமுனாமரத்தூர் சாலையில் ஏறி இறங்கியவர்களுக்கு, வளைவுக்கு நடுவில் வரும் இந்த அசைவு எவ்வளவு பயம் தரும் என்று தெரியும்.

மூன்றாவது, ட்யூப் டயராக இருந்தால், காற்று குறைந்த டயர் பிரேக் பிடிக்கும்போது ரிம்மின் மேல் மெல்ல நகரும். ட்யூபும் கூடவே இழுபடும். வால்வு மட்டும் ரிம்மின் ஓட்டையில் மாட்டிக்கொண்டு அசையாது. கடைசியில் வால்வின் அடியில் ட்யூப் கிழியும். இந்தக் கிழிசலுக்கு ஒட்டு நிற்காது, காற்றும் ஒரே நொடியில் போய்விடும். வால்வு நேராக நிற்காமல் சாய்ந்து நின்றால் அதுவே எச்சரிக்கை.

நான்காவது, குழி. காற்று குறைந்த டயர் குழியின் விளிம்பில் முழுக்க நசுங்கி, ரிம்மே தரையில் இடிக்கும். கம்பி வைத்த ரிம் கோணும், அலாய் ரிம்மில் விரிசல் விழும். இதோடு டயரின் இரண்டு ஓரமும் சீக்கிரம் தேயும், பெட்ரோலும் கூடுதலாகக் குடிக்கும்.

கூடினாலும் தொல்லை உண்டு. தனியே போகும்போது 41 வைத்தால் டயர் தரையைத் தொடும் இடம் சுருங்கும். மேலே சொன்ன கணக்கில் 100ஐ 2.8ஆல் வகுத்தால் 36 சதுர சென்டிமீட்டர் கூட வராது. ஈரத்திலும் மணலிலும் பிடிப்பு குறையும். பின் பிரேக்கை அழுத்தினால் சக்கரம் சட்டென்று பூட்டிக்கொண்டு வழுக்கும். குழியில் வண்டி துள்ளும், முதுகு வலிக்கும், டயரின் நடுப்பகுதி மட்டும் தேயும். அதனால் "எப்பவும் நாற்பது வச்சிட்டா போச்சு" என்பதும் முழுத் தீர்வு இல்லை.

இரண்டில் எது மோசம் என்று கேட்டால் தயங்காமல் சொல்வேன்: இருவர் ஏறிய வண்டியில் குறைந்த காற்றுதான் மோசம்.

ஒரே நாளில் தனியாகவும் துணையோடும்

நிஜமான சிக்கல் இங்கேதான். நம்மூரில் பலரின் நாள் எப்படிப் போகிறது? காலையில் பிள்ளையைப் பள்ளியில் விட வேண்டும். பிறகு தனியே முதலாளி வீட்டுக்குப் போய்ப் பட்டும் ஜரிகையும் வாங்க வேண்டும், நெய்து முடித்த சேலையைக் கொடுக்க வேண்டும். சாயங்காலம் மனைவியோடு மார்க்கெட். ஒவ்வொரு முறையும் காற்றை ஏற்றி இறக்க யாரால் முடியும்?

நான் பின்பற்றுகிற முறையைச் சொல்கிறேன்.

வாரத்தில் பெரும்பாலான நாள் தனியே ஓட்டுகிறவர், தனி ஆளுக்கான எண்ணை வைக்கட்டும். ஊருக்குள் ஒன்றிரண்டு கிலோமீட்டர் ஒருவரை மெதுவாக ஏற்றிப் போவதால் டயர் கெட்டுவிடாது. ஆனால் இருவராக வெளியூர் கிளம்புகிற அன்று காலையில் இருவருக்கான எண்ணுக்கு ஏற்றியே ஆக வேண்டும். ஆடி வெள்ளிக்குப் படவேடு ரேணுகாம்பாள் கோயில், பௌர்ணமிக்குத் திருவண்ணாமலை, ஆஸ்பத்திரிக்கு வேலூர் எல்லாம் இந்தக் கணக்கில் வரும். திரும்பி வந்து வண்டி ஆறிய பிறகு, மறுநாள் காலையில் இறக்கிக்கொள்ளலாம்.

தினமும் ஒருவரைப் பின்னால் ஏற்றுகிறவர், அந்த நாளின் பெரிய சுமைக்குக் காற்றை வைத்துவிடுவது நல்லது. தனியே வரும்போது வண்டி கொஞ்சம் கடினமாக ஓடும், அவ்வளவுதான். மழை நாளில் மட்டும் தனியே வரும்போது வேகத்தைக் குறைத்து, முன் பிரேக்கையும் பின் பிரேக்கையும் சேர்த்து நிதானமாகப் பிடிக்க வேண்டும்.

பின்னால் சிறு பிள்ளைதான் என்றால்? 60 கிலோவுக்கு 13 பிஎஸ்ஐ கூடுகிறது. 30 கிலோ பிள்ளைக்கு அதில் பாதி. ஸ்ப்ளெண்டரில் 34, 35 வைத்தால் சரியாக இருக்கும். கம்பெனி தரும் இரண்டு எண்களுக்கு நடுவில்தான் இந்தக் கணக்கு. மேல் எண்ணைத் தாண்டிப் போகக் கூடாது, கீழ் எண்ணுக்குக் கீழேயும் இறங்கக் கூடாது.

மூன்று பேருக்கு என்ன அளவு என்று கேட்பவர்களும் உண்டு. ஸ்டிக்கரில் பின் சக்கரத்துக்கு மூன்றாவது எண் கிடையாது. டயர், பிரேக், ஷாக் அப்சார்பர், சட்டகம் எதுவும் மூவருக்காகச் செய்யப்படவில்லை. 1988ஆம் ஆண்டு மோட்டார் வாகனச் சட்டத்தின் 128ஆம் பிரிவும் ஓட்டுபவரைத் தவிர ஒருவருக்குத்தான் இடம் தருகிறது. காற்றைக் கூட்டி மூவரை ஏற்றுவதற்கு வழி இல்லை. அதை நான் சொல்லவும் மாட்டேன்.

சரக்கு: பட்டு லேசு, அரிசிதான் கனம்

ஆரணிக்குப் பட்டு எவ்வளவு பேரோ, அரிசிக்கும் அவ்வளவு பேர். சேலை மூட்டை பெரிதாகத் தெரியுமே தவிர எடை அதிகம் இருக்காது. இருபது சேலை கட்டினாலும் ஒரு பிள்ளையின் எடைகூட வராது. ஒரு சிப்பம் அரிசியோ 25 கிலோ. இரண்டு சிப்பம் கேரியரில் கட்டினால் ஒரு ஆள் ஏறியதற்குச் சமம். அதனால் ஆள் இல்லாவிட்டாலும் இருவருக்கான காற்று வேண்டும்.

எங்கே வைக்கிறோம் என்பதும் முக்கியம். ஸ்கூட்டரிலோ எக்ஸ்எல் மொபெட்டிலோ கால் வைக்கும் இடத்தில் வைத்த சிப்பத்தின் எடையை இரண்டு சக்கரமும் பகிர்ந்துகொள்ளும். கேரியரின் பின் நுனியில், சக்கர அச்சுக்கும் பின்னால் கட்டினால், அந்த எடை முழுவதும் பின் டயரில் இறங்குவதோடு முன் சக்கரத்தையும் லேசாகத் தூக்கும். ஹேண்டில் காற்றில் மிதப்பது போல ஆகிவிடும். இதற்குக் காற்றால் மருந்து இல்லை. மூட்டையை முன்னால் நகர்த்திக் கட்டுவதுதான் மருந்து.

இருவர் ஏறும் நாளில் பின் ஷாக் அப்சார்பரின் படியையும் ஒன்றிரண்டு கூட்டி வையுங்கள். ஸ்ப்ளெண்டரில் ஐந்து படி உண்டு. பின்பக்கம் அமுங்காமல் நின்றால் ஹெட்லைட்டும் எதிரே வருபவர் கண்ணில் அடிக்காது. பட்டுச் சேலை கட்டி ஒருபக்கமாக உட்காருகிற பெண்களுக்காக இன்னொன்று: பின் சக்கரத்தில் சேலை கார்டு இருக்கிறதா என்று பாருங்கள். பின் சக்கரத்தில் பாதிக்குக் குறையாமல் மூடும் காப்பு, கைப்பிடி, கால் வைக்கும் படி மூன்றும் இருக்க வேண்டும் என்று மத்திய மோட்டார் வாகன விதிகளின் 123ஆம் விதி சொல்கிறது. அழகுக்காகச் சேலை கார்டைக் கழற்றிவிடுகிறவர்கள் தயவுசெய்து திரும்ப மாட்டுங்கள். முந்தானை சக்கரத்தில் சிக்கினால் காற்று எவ்வளவு சரியாக இருந்தும் பயன் இல்லை.

எப்போது அளப்பது?

ஸ்டிக்கரில் இருக்கும் எண்கள் எல்லாம் டயர் ஆறியிருக்கும்போது அளக்க வேண்டியவை. வண்டி சில மணி நேரமாவது நின்றிருக்க வேண்டும், நிழலில் நின்றிருந்தால் இன்னும் நல்லது. விடியற்காலை சரியான நேரம்.

வெப்பம் 10 டிகிரி செல்சியஸ் ஏறினால், 29 பிஎஸ்ஐ உள்ள டயரில் ஏறக்குறைய ஒன்றரை பிஎஸ்ஐ கூடும். அக்னி நட்சத்திரத்தில் காலை 28 டிகிரி, மதியம் 40ஐத் தாண்டும், வெயிலில் நின்ற கறுப்பு டயர் அதைவிடச் சூடு. அதோடு ஓடியும் வந்தால் மீட்டர் நான்கைந்து பிஎஸ்ஐ கூடுதலாகக் காட்டும். அதைப் பார்த்துப் பயந்து காற்றை இறக்காதீர்கள். இறக்கினால், ஆறிய பிறகு டயரில் அளவு குறைந்திருக்கும். குறைந்த காற்றில் ஓட்டினால் டயர் அதிகம் மடங்கும், அதனால் இன்னும் சூடாகும். இருவராகக் காஞ்சிபுரம் போகும் வழியில் நின்று காற்றை இறக்குவது, செய்யவே கூடாத வேலை. சூடாகும்போது அழுத்தம் கூடும் என்பதைக் கணக்கில் வைத்துத்தான் கம்பெனி அந்த எண்ணைத் தந்திருக்கிறது.

வழியில் வேறு வழியில்லாமல் சூடான டயருக்குக் காற்று பிடிக்க நேர்ந்தால், ஸ்டிக்கர் எண்ணைவிட மூன்று, நான்கு கூட வையுங்கள். மறுநாள் காலையில் அளந்து சரிசெய்யலாம்.

பஞ்சர் இல்லாவிட்டாலும் மாதத்துக்கு ஒன்றிரண்டு பிஎஸ்ஐ தானாகவே போகும். பதினைந்து நாளுக்கு ஒருமுறையும், இருவராக வெளியூர் போகும் ஒவ்வொரு முறையும் பாருங்கள். டயரைக் கட்டைவிரலால் அமுக்கியோ காலால் உதைத்தோ பார்ப்பது அளவாகாது. 28க்கும் 36க்கும் வித்தியாசம் விரலுக்குத் தெரியாது.

கடைக்குக் கடை மீட்டர் மாறும். ஒரே டயர் ஒரு இடத்தில் 30, இன்னொரு இடத்தில் 34 காட்டும். சொந்தமாக ஒரு சின்ன மீட்டர் வாங்கி வைத்துக்கொள்ளுங்கள். ஒரு லிட்டர் இஞ்சின் ஆயிலின் விலையில் நல்லதே கிடைக்கும். எந்த மீட்டரானாலும் எப்போதும் ஒரே மீட்டரில் அளந்தால், ஏறுகிறதா இறங்குகிறதா என்பதாவது சரியாகத் தெரியும்.

அலகையும் கவனியுங்கள். சில மெஷின்களில் பிஎஸ்ஐ, சிலவற்றில் பார், சிலவற்றில் கிலோ. 2 கிலோ என்றால் 28 பிஎஸ்ஐ. 2 பார் என்றால் 29. 200 கிலோபாஸ்கல் என்றாலும் 29தான். இந்த மூன்றையும் மனதில் வைத்தால் குழப்பம் வராது.

நைட்ரஜன் பற்றியும் ஒரு வரி. நாம் சும்மா அடிக்கும் காற்றிலேயே 78 சதவீதம் நைட்ரஜன் இருக்கிறது. காசு கொடுத்து நைட்ரஜன் நிரப்பிவிட்டு மூன்று மாதம் பார்க்காமல் இருப்பதைவிட, சாதாரணக் காற்றைப் பதினைந்து நாளுக்கு ஒருமுறை சரியாக வைப்பது எவ்வளவோ மேல். பெட்ரோல் பங்கில் காற்று இலவசமாகத் தர வேண்டும் என்பது எண்ணெய் நிறுவனங்களின் விதி. பெட்ரோல் போடாவிட்டாலும் கேட்கலாம், தயங்க வேண்டாம்.

காற்று பிடித்ததும் வால்வின் வாயில் கொஞ்சம் எச்சிலையோ தண்ணீரையோ தடவிப் பாருங்கள். குமிழி வந்தால் உள்ளே இருக்கும் வால்வு பின் கசிகிறது. மூடியைக் கட்டாயம் போடுங்கள். அந்தச் சின்ன மூடிதான் தூசியும் சேறும் உள்ளே போகாமல் காக்கிறது.

காற்று பிடிக்கும் கடைக்காரர்களிடம் ஒரு வேண்டுகோள்

இதையெல்லாம் படித்து மாற்றிக்கொள்கிறவர்கள் கொஞ்சம் பேர்தான் இருப்பார்கள். காற்று பிடிக்கிற கையில் மாற்றம் வந்தால் ஊரே மாறும். ஆரணியிலிருந்து ஆற்காடு, சேத்துப்பட்டு, செய்யாறு, வேலூர், போளூர் என்று எந்தப் பக்கம் போனாலும், ஊர் எல்லை தாண்டும் முன் ஒரு பஞ்சர் கடையோ பங்கோ வந்துவிடும். அங்கே இருக்கும் தம்பிகள் பெரும்பாலும் "எவ்ளோண்ணா வைக்கட்டும்?" என்று கேட்கிறார்கள். வண்டிக்காரருக்கு எண் தெரியாது, "நீயே பார்த்து வைப்பா" என்பார். தம்பி முப்பது வைப்பார்.

அந்தக் கேள்வியை மட்டும் மாற்றிக்கொள்ளுங்கள். "ஒருத்தரா, ரெண்டு பேராண்ணா?" என்று கேளுங்கள். நம்மூரில் அதிகம் ஓடும் பத்து வண்டிகளின் பெயரையும் பக்கத்தில் இரண்டு எண்களையும் ஒரு அட்டையில் எழுதி மெஷினுக்கு மேலே மாட்டி வையுங்கள். ஒரு மணி நேர வேலை. செலவு ஒரு மார்க்கர் பேனா.

வண்டிக்காரர்கள் அதுவரை காத்திருக்க வேண்டியதில்லை. உங்கள் ஸ்டிக்கரில் உள்ள மூன்று எண்களைப் போனில் குறித்து வைத்துக்கொண்டு, காற்று பிடிக்கும்போது நீங்களே சொல்லுங்கள். பின்னால் உட்காருகிறவர் கையில் ஹேண்டிலும் இல்லை, பிரேக்கும் இல்லை. நம்மை நம்பி ஏறுகிறார். டயரில் எவ்வளவு காற்று இருக்கிறது என்று அவர் கேட்க மாட்டார். அதனால்தான் அவர் ஏறுவதற்கு முன்பே நாம் பார்த்திருக்க வேண்டும்.